ஐம்பது கேபி முகம்

எங்கள் பாகூர் பக்கத்தில் யாருக்கும் தன் முகம் இருக்கிறபடியே இருந்தால் பிடிக்காது. விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிற பெண்கள் ஸ்டூலில் உட்காரும்போதே, "கொஞ்சம் வெள்ளையா போடுக்கா" என்பார்கள். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் எல்லாம் போயாக வேண்டும். விண்ணப்பம் ஏற்றுகிற வெப்சைட்டோ ஐம்பது கேபி அளவுக்கு மேல் படத்தை வாங்காது. அதனால் வெள்ளையாக்குவது, சின்னதாக்குவது இரண்டையும் சேர்த்து ஒரே பொத்தானில் அமைத்து வைத்திருந்தேன். தட்டித் தட்டிப் பழகி, என் விரல் என்னைக் கேட்காமலே அந்தப் பொத்தானுக்குப் போய்விடும்.

அன்று மத்தியானம் வந்தவளுக்கு இடது கண்ணே திறக்கவில்லை. தாடை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அபிஷேகப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் புருஷன் ஹெல்மெட்டால் அடித்திருக்கிறான்.

"ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்க்கா. போன்ல போட்டா, போட்டோ பெருசா இருக்குதுன்னு எடுக்க மாட்டேங்குது" என்றாள். "போன தபா நான் குடுக்கறதுக்குள்ள வீக்கம் வத்திப்போச்சு. நானே தடுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னான், எல்லாரும் நம்பிட்டாங்க. இந்த தபா படம் போவலன்னா அந்த வூட்ல என்னைக் கொன்னே போட்ருவான்."

"ரெண்டு நிமிஷம்டி, அனுப்பிடலாம்" என்று அவள் போனிலிருந்த படத்தை என் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். பேசிக்கொண்டே விரல் பழக்கத்தில் அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டது.

திரையில் கல்யாணப் பெண் ஒருத்தி இருந்தாள். தாடை பளபளவென்று வெளுத்திருந்தது. ரத்தக்கறையைக் காணோம். மூடிய கண்கூடத் தூக்கக் கலக்கம் மாதிரிதான் தெரிந்தது.

"அவன் சொன்ன மாதிரியே இருக்குதுக்கா" என்றாள் அவள். "ஒண்ணுமே நடக்காத மாதிரி."

சீ, என்ன பிழைப்பு இது என்று என்னையே திட்டிக்கொண்டு அதைத் தூக்கி எறிந்தேன். அசல் படத்தை வெறுமனே சுருக்கிப் பார்த்தால், காயம் ஏதோ அழுக்கு ஒட்டியது போல மங்கிப்போனது. பிறகு பின்னாலிருந்த சுவர், காலண்டர், ஜாக்கெட் தோள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துச் சுருக்கினேன். புகார் வெப்சைட்டும் கேட்ட ஐம்பது கேபிக்குள் அடங்கியது. காயமும் காயமாகவே இருந்தது. அதை வெப்சைட்டில் ஏற்றி அனுப்பப் போகிற நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது.

"இன்னாடி, ஊரு பூரா சொல்லிக்கினு திரியறியா?"

அவள் புருஷன்தான். உள்ளே நுழைந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். நாற்காலியோடு சாய்ந்தவளின் வயிற்றில் உதைத்தான். அவள் கத்தக்கூட இல்லை, சுருண்டுகொண்டாள். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம்!

"கைய எடுடா பொறுக்கி! என் கடைடா இது!" என்று நடுவில் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். ஹெல்மெட் என் நெற்றியில் இறங்கியது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அப்போதுதான் அவன் திரையில் அவள் முகத்தைப் பார்த்தான். அதே ஹெல்மெட்டால் மானிட்டரை அடித்து நொறுக்கினான்.

"இப்ப அனுப்புங்கடி, பாக்கலாம்!"

படம் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறான், மடையன். சத்தம் கேட்டுப் பக்கத்து டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் அவனை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். போதும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பரணில் கிடந்த பழைய மானிட்டரை எடுத்து மாட்டினேன். புகார்ப் பக்கம் விட்ட இடத்திலேயே நின்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னொரு போட்டோ போட எடம் இருக்குதேக்கா" என்றாள். போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உன்னோடதும் போவட்டும். இப்ப யாரு தடுக்கி வுழுந்தாங்கன்னு சொல்லுவான்?"

படம் எடுக்கிறாள் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தானையை எடுத்து நெற்றி ரத்தத்தைத் துடைக்கப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடைக்காதக்கா."