வெள்ளிக்கிழமை மருந்தும் மூன்று வாய் தண்ணீரும்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நான் ஆயா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் வேலையில் யாரும் குறை சொன்னது கிடையாது, ஒரே ஒரு தடவை தவிர.

பல் டாக்டரம்மா ஒருவர் வந்து பிள்ளைகள் வாயைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி. அவள் கடைவாய்ப் பல்லில் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளைத் திட்டு. இன்னும் ஓட்டை விழவில்லை, ஃப்ளோரைடு மருந்தால் வாரம் ஒரு முறை கொப்பளித்தால் பல் திரும்ப இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் மிஷின் வைத்துக் குடைய வேண்டும் என்றார். மிஷின் என்றதும் அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். விடுவிக்க இரண்டு டீச்சர்கள் வேண்டியிருந்தது.

அவளைப் போல ஏழெட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் மருந்து கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நிமிஷம் வாயில் குலுக்கித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. வேப்பமரத்திலிருந்து கேட் வரை நான் போய்வந்தால் ஒரு நிமிஷம். கன்னம் உப்பிய பிள்ளைகளில் ஒன்று சிரித்தால் போதும், எல்லா வாயும் பீய்ச்சும். என் முந்தானையில் எப்போதும் புதினா வாசம்.

துப்பிய எச்சில் வாயோடு வகுப்புக்குள் போவதா? ஆளுக்கு மூன்று வாய் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவேன். யாரும் சொல்லாமலே செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

பரீட்சை முடிந்து டாக்டரம்மா வந்தார். வைத்திக்குப்பத்துப் பெண்ணின் பல்லில் திட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. மருந்து ஒழுங்காகக் கொடுத்தேனா என்று கேட்டார். ஒரு வெள்ளி தவறவில்லை என்றேன் விறைப்பாக. அந்தப் பெண் தன் வாய்க்குள் டாக்டரம்மா விட்டிருந்த குட்டிக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, "அப்புறம் ஆயா மூணு வாட்டி தண்ணி ஊத்தி கழுவி வுட்டுடுவாங்க," என்றாள் எனக்கு நல்ல பேர் வாங்கித் தர.

"மருந்தயும் சேத்து கழுவிட்டீங்களே ஆயா," என்றார் டாக்டரம்மா.

எச்சிலாச்சே என்று இழுத்தேன். அந்த எச்சிலில்தான் மருந்தே இருக்கிறது, அரை மணி நேரம் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது என்றார். இன்னொரு தவணை பார்ப்போம், அதற்கு மேல் மிஷின்தான்.

பெரிய டீச்சரிடம் நின்று மருந்தை விளையாட்டு பீரியடுக்கு மாற்றினேன். மைதானத்தில் எச்சில் வாய் இருந்தால் தோஷமில்லை. நானே குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெரிய டீச்சரே தண்ணீர் பிடிக்க வந்தபோதும், "இன்னும் நேரம் ஆவல டீச்சர்," என்று திருப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை டாக்டரம்மா பல்லைச் சுரண்டிப் பார்த்தபோது, அந்தப் பெண் கண்ணைத் திறந்திருந்தாள், நான் மூடிக்கொண்டேன்.

"இறுகிடுச்சி. மிஷின் வேணாம்."

அவள் வாயை மூடவே இல்லை. திறந்த வாயோடு வகுப்பு வகுப்பாகப் போய்க் காட்டினாள். நானும் பின்னாலேயே போனேன், எந்தப் பல் என்று தெரியாமல் யாராவது விழிக்கக் கூடாதே.