ரெனேவுக்கு அடுத்த எண்

பிட்ஸ்பர்க்கில் மரமும் பெயிண்டும் விற்கிற அந்தப் பெரிய கடைக்கு மேலாகத்தான் விமானங்கள் தாழப் பறந்து நிலையத்தில் இறங்கும். ரெனே பால்கோ நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. பார்த்தால் வயிறு எரியும். பச்சை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வந்தவர்கள் கேட்ட நீளத்தில் பலகை அறுத்துக் கொடுப்பாள். பனிமூட்டத்தில் ஒரு விமானம் நிறைய ஆட்களைப் பத்திரமாக இறக்கிய கை அது. இப்போது கோழிக்கூட்டுக்கும் நாய் வீட்டுக்கும் அளவெடுத்துக்கொண்டிருந்தது.

பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்று அவளுடைய விமானக் கம்பெனி அவளையும் சேர்த்து நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. வேலையை விட்டு நீக்கவில்லையாம், நிறுத்திதான் வைத்திருக்கிறார்களாம். சோறு கிடைக்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு விமானிக்கும் சேர்ந்த வரிசைப்படி ஓர் எண் உண்டு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். திரும்பக் கூப்பிடும்போது, வெளியே நிற்பவர்களில் மூத்தவர் முதலில் உள்ளே போவார். திறமை, சிபாரிசு, அழுகை எதுவும் அங்கே எடுபடாது. வேறு விமானக் கம்பெனியில் சேர வேண்டுமென்றால் அந்த எண் இனி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வா என்பார்கள். சரக்கு விமானக் கம்பெனி ஒன்று ரெனேவைக் கூப்பிட்டது. எண்ணை விடமாட்டேன் என்று மறுத்துவிட்டாள். "அந்த நம்பரையே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லிவிட்டுப் போன அவள் கணவன் திரும்பி வரவில்லை. அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்த எண் லைல் ஸ்டபின்ஸ்கியுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு முந்தைய எண் என்பது அங்கே வழக்கம். லைலைவிட ரெனே சில வாரங்கள் மூத்தவள், அவ்வளவுதான். அவனும் அதே கடையில் பெயிண்ட் கலக்கினான். "உங்கம்மாவுக்கு என்ன அப்படி அவசரம்? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பெத்திருக்கக் கூடாதா?" என்று சாப்பாட்டு வேளையில் அவளைச் சீண்டுவான்.

கம்பெனிக்கும் விமானிகள் சங்கத்துக்கும் நடந்த சம்பள ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. சங்கம் சிவப்புக் கயிறு அச்சடித்துக் கொடுத்தது, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள. 'எல்லோரையும் திரும்ப அழை' என்று அதில் வெள்ளை எழுத்து. விமான நிலைய வாசலில் சீருடையோடு வாய் திறக்காமல் அணிவகுத்து நடந்தார்கள். வேலை இழந்தவர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். டிவியில் பார்க்க உருக்கமாக இருக்குமாம். ரெனேவும் லைலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாக நடந்தார்கள். ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. ஊர்வலத்துக்கு ஆகிற முகம் ஓட்டுக்கு ஆகாது போலிருக்கிறது.

கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊருக்கே மீன் பொரித்து விற்பார்கள்; அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் சாப்பிடப் போனார்கள். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த கேப்டன் டாம் வெஸ்கியோவின் மனைவி கானி எதிரே வந்து உட்கார்ந்தாள். வெள்ளை மனசுக்காரி. கணவனைப் பற்றி அலுத்துக்கொண்டாள்.

"அவரு வீட்ல எங்க இருக்காரு? லீவு நாள்லயும் எக்ஸ்ட்ரா ட்ரிப் எடுத்துட்டு ஓடிடறாரு. ஏரிக்கரையில வீடு கட்டணுமாம். இன்னிக்குத்தான் அதிசயமா வந்திருக்காரு."

லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். மூத்தவர்கள் லீவு நாளில் பறக்கிற ஒவ்வொரு மணி நேரமும், வெளியே நிற்கிற ஒருவனைக் கூப்பிடத் தேவையில்லாமல் செய்கிற மணி நேரம். அது டாமுக்குத் தெரியாதா என்ன? மேடையேறி அதைச் சொன்னவரே அவர்தான். ரெனே எழுந்து, தட்டோடு வரிசையில் நின்ற அவரிடம் நேரே போனாள். அவர் கழுத்தில் சிவப்புக் கயிறு தொங்கியது.

"கேப்டன், கழுத்துல போட்டிருக்கீங்களே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "ரூல்படிதான் எடுக்கறேன் ரெனே. நான் எடுக்கலேன்னா வேற எவனாவது எடுப்பான்."

"எவனும் எடுக்கலேன்னா எங்களைக் கூப்பிட்டிருப்பாங்க."

"லீவு நாள்ல ஃபோன் வரும்போது உனக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் முட்டைக்கோஸ் சாலட்டை அள்ளிப் போட்டுக்கொண்டார். ரெனேவுக்கு அந்தத் தட்டை அவர் சட்டையிலேயே கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

கோடையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. வெளியே இருப்பவர்களில் கொஞ்சம் பேருக்கு அழைப்பு வந்தது. லீவு நாளில் பறப்பதைத் தடுக்க ஒரு வரி கூட இல்லை. அழைப்பு ரெனேவின் எண்ணோடு நின்றுவிட்டது.

கடையில் அவள் கடைசி நாளன்று லைல் அவள் ஏப்ரனை வாங்கி மடித்து வைத்தான். பொறாமைப்பட்டானோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்தது நான்தான். டாம் மாதிரி எவனாவது லீவுல பறந்தான்னா பேரை மட்டும் எனக்குச் சொல்லு," என்றான். கண்டிப்பாகச் சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள். அப்போது மனசார நினைத்துத்தான் சொன்னாள்.

திரும்பிப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். எங்கே ஆனது? அடிமட்டத்து எண். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவோம், ஃபோன் பக்கத்தில் இரு என்று உட்கார வைத்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை நாற்காலி முதுகிலேயே கிடந்தது. பயிற்சி முடித்து வந்ததோடு சரி, பறந்ததென்னவோ பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பியது மட்டும்தான். கடையிலாவது நாளெல்லாம் வேலை இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அவளுடைய லீவு நாளில், ஃபோன் வந்தது. விமானிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பையன் பேசினான். சான் ஃபிரான்சிஸ்கோ போக ஆள் இல்லை, வருகிறாயா, ஒன்றரை மடங்குச் சம்பளம் என்றான். சம்பளம் அவள் காதில் ஏறவே இல்லை. மேற்கே வெயிலைத் துரத்திக்கொண்டு நாடு முழுவதையும் தாண்டிப் போவது மட்டும்தான் கண்முன் நின்றது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

பெட்டியை மூடும்போது லைல் கூப்பிட்டான். சனிக்கிழமைகளில் கூப்பிடுவது அவன் வழக்கம்.

"என்ன பண்றே?"

"சும்மாதான் இருக்கேன். துணி மடிச்சுக்கிட்டிருக்கேன்."

"லீவுல எவனாவது பறக்கறானா?"

"என் கண்ணுல யாரும் படல லைல்."

"சரி விடு. உள்ள நீ இருக்கேங்கற ஒரு தைரியத்துலதான் நான் இன்னும் நம்பரை எழுதிக் குடுக்காம இருக்கேன்," என்றான் அவன். பெயிண்ட் கலக்கும் இயந்திரம் பின்னால் குலுங்குகிற சத்தம் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு டையைக் கட்டினாள். சிவப்புக் கயிறு மேஜைமேல் கிடந்தது; உள்ளே எல்லோரும் இன்னும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். போடாமல் போனால் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பார்கள். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். டாமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அப்போதும் அவர்மேல்தான்.