‘போட்டு அடுத்து!’

கோவாவிலிருந்து திருப்பூர் போகும் வழியில் கொச்சியில் ஒரு பகல் தங்கினேன். எர்ணாகுளத்தில் மாலை ரயிலைத் தவறவிட்டால் திருப்பூரில் கிடைத்த வேலை போய்விடும். மட்டாஞ்சேரி படகுத்துறையில், “எர்ணாகுளம் படகு?” என்று கேட்டேன்.

“போட்டு அடுத்து!” என்றார் டிக்கெட் கொடுப்பவர் மலையாளத்தில். போட்டு என்றால் படகு என்பது புரிந்தது.

அடுத்த படகுதான் எனக்கு என்று எண்ணி, பக்கத்துக் கடையில் சாவகாசமாகச் சாயா குடித்தேன். கடைக்கார அக்கா தமிழ் பேசுகிறவர்.

“ஏன் அண்ணே, போட்டு வந்து உங்களைத் தூக்கிட்டுப் போகணுமோ? இங்க ‘அடுத்து’ன்னா கரைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். கிளாஸை வெச்சுட்டு ஓடுங்க!”

கயிற்றை அவிழ்க்கும்போது தாவி ஏறினேன். முட்டி சிராய்த்தது; ரயிலும் வேலையும் கிடைத்தன.

புரியாத சொல்லை எப்போதும் திருப்பிக் கேட்பேன். இப்போதெல்லாம் கேரளத்துக்குப் போனால், புரிந்துவிட்ட சொல்லையும் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.