ரோசம்மாளைப் பார்க்கத் திருச்சிக்குப் போனது

முப்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில், திண்டுக்கல்லில் காலை ரயில் ஏறினேன். அறுபது மைல் தூரம். திருச்சி ஜங்ஷனிலிருந்து புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி நாலணா.

"யாருக்கு உடம்பு சரியில்லீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"தங்கச்சிக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குதிரையைத் தட்டி விரட்டினார்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் நான் உபதேசியார்; பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்பவன். தங்கை ரோசம்மாளை உள்ளூர் சூசைக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். குடித்துவிட்டு அடிப்பான். கையை ஒடித்த பிறகு அவள் ஊரை விட்டே போய்விட்டாள். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் ரங்கசாமியோடு குடித்தனம் வைத்தாள். புருஷன் உயிரோடிருக்க இன்னொருவரோடு வாழ்கிறவளுக்குக் கோயிலில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கிடையாது என்றாகிவிட்டது. சூசை மட்டும் பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஞாயிறுதோறும் முழந்தாளிட்டு நன்மை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ரங்கசாமி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்தார்.

"வாங்கய்யா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

வயிற்றில் கட்டி. டாக்டர் கைவிட்டிருந்தார். கண்ணும் எலும்புமாகக் கிடந்தாள்.

"அண்ணே, சாமியாரைக் கூட்டிட்டு வாங்க. நன்மை வாங்கிட்டுச் சாகணும்."

பக்கத்துக் கோயிலில் போய்ச் சொன்னதும் உச்சி வெயிலில் சாமியார் கிளம்பி வந்தார். நல்லவர். கட்டிலருகே குனிந்து, "இனிமேல் இவரோட சேர்ந்து வாழ மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. பாவமன்னிப்புத் தர்றேன்" என்றார்.

"நான் எழுந்திருக்கவே போறதில்ல, சாமி."

"இருந்தாலும் சொல்லணும்மா. சட்டம் அப்படி."

"சொல்லிடு ரோசா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார் ரங்கசாமி.

அவள் தலையசைத்து மறுத்தாள். "இவரு எனக்குக் கஞ்சி ஊட்டினதைப் பாவம்னு சொல்லிட்டுப் போனா, ஆண்டவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சாமியார் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, சாகிறவர்களுக்குப் பூசும் தைலத்தின் சிமிழைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

நான் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு நான் கற்பிப்பதும் அதுதான். அதன்படி என் தங்கை எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும்.

வெயில் தாழ்ந்ததும் கூப்பிட்டாள்.

"சூசைகிட்ட சொல்லுங்க அண்ணே. எனக்கு அவர்மேல மனத்தாங்கல் இல்ல. கையை ஒடிச்சதையும் மன்னிச்சிட்டேன்."

"உனக்கே மன்னிப்புக் கிடைக்கலையேம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "எனக்குக் கிடைக்காமலா, அவரை மன்னிக்க எனக்கு மனசு வந்துச்சு?"

விளக்கேற்றும் வேளையில் உயிர் பிரிந்தது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு இடமில்லை. மறுநாள் காலை மாட்டு வண்டியில் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் ஓரமாய் ஓட, கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். உடலை எரிப்பதும் எங்களுக்கு விலக்கு. எரித்தோம். நான் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். பிறர் குற்றத்தைப் பொறுக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். மிச்சத்தை ரங்கசாமி தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"ரோசா தினமும் சொல்லும்ங்க. கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு" என்றார்.

ஜங்ஷன்வரை வந்து வழியனுப்பினார். ரயில் பாதையின் இருபுறமும் காய்ந்த பொட்டல்தான் ஊர்வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சூசையைப் பார்த்து, அவள் சொன்னதைச் சொன்னேன்.

"சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தாரா?" என்றான்.

"இல்லை."

"அப்போ அவ மன்னிச்சா என்ன, மன்னிக்காட்டி என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பூசை தொடங்கியது. நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை.