நீ யார் பக்கம், கேன்?

இந்த ஊரில் ஐம்பது வயது ஆண்கள் கையில் ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரம். நான் வேலை பார்ப்பது உறைந்த இறைச்சியும் பட்டாணியும் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்கு மறுசண்டை உண்டு என்று அறிவித்த மறுநாளே எங்கள் கேன்டீன் மேசையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்றில் பச்சை வளையம், மற்றதில் மஞ்சள். பச்சை, இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரனுக்கு. மஞ்சள், ஆப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையான சாம்பியனுக்கு. வளையம் விற்ற காசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகுமாம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் சோற்று டப்பாவைத் திறக்காமலே எழுந்துவிட்டேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கரிசல்காட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்தே அவன் என்ன சாதி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கயிறு இல்லையென்றால் வாயைக் கிளறுவார்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் ரொம்பப் பிரியமாகத்தான் ஆரம்பிப்பார். "தம்பிக்கு எந்த ஊரு?" எட்டயபுரம் பக்கம் என்றால் விடமாட்டார். "எட்டயபுரம் பக்கம்னா எங்கன?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்கன எந்தத் தெரு?" தெருவையும் சொல்லிவிட்டால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதற்குப் பிறகு முகம் மலருமா, சுருங்குமா என்பது நம் கையில் இல்லை.

கேன்டீனில் சண்டைப் பேச்சைத் தொடங்கி வைப்பவர் ஸ்டீவ். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், என்னைத் தினமும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவரும் அவர்தான். கணேசன் என்ற பெயர் அவர் வாயில் நுழையாது, அதனால் நான் கேன். எதிர்ப்பேச்சு பேசுகிறவர் ட்வெயின். அவருடைய அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். போன தடவை நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட்டார்கள், எங்கள் ஆளை ஏமாற்றிவிட்டார்கள் என்பார் ஸ்டீவ். உங்கள் ஆள் பன்னிரண்டு ரவுண்டும் கயிற்றோரமாக ஓடிக்கொண்டே இருந்தான், ஓட்டப்பந்தயம் என்றால் அவன்தான் சாம்பியன் என்பார் ட்வெயின். கடைசி ரவுண்டில் விழுந்த அந்தக் குத்து தாடையில் பட்டதா தோளில் பட்டதா என்று ஒரு வாரம் முழுக்க விவாதம் நடந்தது. கெட்சப் பாட்டில்களைச் சண்டைக்காரர்களாக நிறுத்திச் செய்து காட்டினார்கள். குரல் ஏற ஏற நான் நாற்காலியைக் கதவுப் பக்கமாக நகர்த்திக்கொள்வேன். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ யார் பக்கம், கேன்?" யார் நன்றாகச் சண்டை போடுகிறார்களோ அவர்கள் பக்கம் என்றேன். ஸ்டீவ் தலையில் அடித்துக்கொண்டார். இது ஒரு பதிலா என்று கேட்டார் ட்வெயின்.

பதில்தான். என் அப்பா சொல்லிக்கொடுத்த பதில். நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்குக் கபடிப் போட்டி வைத்தார்கள். கரிசல் வெடிப்பில் கால் சிக்கிக்கொள்ளும் என்று செம்மண் கொண்டுவந்து கொட்டிக் களம் போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டம் எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும். பாடிப்போன பையன் நடுக்கோட்டைத் தொட்டானா தொடவில்லையா என்பதில் தகராறு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுஆட்டம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த வாரம் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. என் கூடப்பிறந்த சுப்பையா அண்ணன் அப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினவனை மூன்று பேர் நிறுத்தி, "ஞாயித்துக்கெழம நீ யாரு பக்கம்டே?" என்று கேட்டார்கள். அவன் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, "எங்க பயலுவ பக்கந்தான், பின்ன?" என்றிருக்கிறான். ஒருவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றைப் பார்த்தான். இன்னொருவன் அரிவாளை எடுத்தான். அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்காது.

மறுஆட்டம் நடக்கவே இல்லை. ஊரில் போலீஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா முகம் சவரம் செய்யும் பிளேடால் வீட்டில் எல்லோர் கைக்கயிற்றையும் அறுத்துப் போட்டார். "இனிமே எவன் கேட்டாலும் நல்லா ஆடுதவன் பக்கம்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வாயிலருந்து வரக்கூடாது." சொல்லிவிட்டுப் போய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அப்பா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பயம் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து விமானம் ஏறியபோது, இனி யாரும் என்னிடம் பக்கம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! போன வருஷம் கோடையில் பக்கத்து நகரத்தில் வெளிநாட்டுக்காரர்களின் கடைக்கண்ணாடிகளை உடைத்தார்கள். ஒரு வாரம் நாங்கள் வீட்டு விளக்கைக்கூடப் போடவில்லை.

சண்டையன்று ஸ்டீவ் தன் வீட்டுக்கு எல்லோரையும் அழைத்தார். நடப்பது ஏதோ அரபு நாட்டில் என்பதால் இங்கே வெயில் இருக்கும்போதே ஒளிபரப்பு. தினமும் காரில் ஏற்றிப்போகிற மனிதரிடம் எப்படி வரமாட்டேன் என்பது? "போனா வாசப்பக்கமா உக்காருங்க" என்றாள் மனைவி. அவள் சொல்லாவிட்டாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கழற்றச் சொல்லாத வீடு என்பதால் ஷூவைக் கழற்றவில்லை. பின்கட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அறை முழுக்கப் பச்சை வளையங்கள், ட்வெயின் கையில் மட்டும் மஞ்சள். திரையில் அந்த இரண்டு மலைகளும் மோதிக்கொண்டதை நான் எங்கே பார்த்தேன்? ஸ்டீவின் கையையும் ட்வெயினின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க்காரன் சாம்பியனை ஒரு தடவை விழச்செய்தான். கூரை பறக்கும் சத்தம். சாம்பியன் எழுந்துவிட்டான். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்து மறுபடியும் மார்க்கில் வந்து நின்றது. இரண்டு நடுவர்கள் சாம்பியனுக்கு, ஒருவர் உள்ளூர்க்காரனுக்கு.

அறையில் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு அந்த அமைதி தெரியும். ஸ்டீவ் கையிலிருந்த பியர் டப்பாவை நசுக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். நேராக ட்வெயினிடம் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் பாய்ந்து ஸ்டீவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். "விட்ருலே! அவன விட்ருலே! ட்வெயின், ஓடு!" என்று எட்டயபுரத் தமிழில் கத்தினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஸ்டீவின் இன்னொரு கை, தன் பச்சை வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது. தோற்றவர் ஜெயித்தவருடைய வளையத்தை ஒரு வாரம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குள் பந்தயமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ சிரித்தார்கள். ஸ்டீவ் சிரிக்கவில்லை. "நான் அடிப்பேன் என்று நினைத்தாயா, கேன்?" என்று கேட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ட்வெயின்தான் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் கதையைத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "ஸ்டீவ் நல்லவன். இருபது வருஷமாகத் தெரியும். இந்த வீட்டில் எனக்குப் பயமில்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த முனையில் இருக்கிற பப்பில் இன்றைக்கு இதே சண்டை ஓடுகிறது. அதற்குள் நான் போயிருக்க மாட்டேன்" என்றார். அன்று தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தார். அவர் எனக்குத் துணையா, நான் அவருக்குத் துணையா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். "ஏலே, சண்ட பாத்தியா? நாங்க நடுச்சாமம் வரைக்கும் முழிச்சிருந்து செல்போன் கடையில பாத்தோம்ல!" பின்னால் நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சாம்பியனை விழச்செய்த குத்து தாடையில் பட்டதா தோளில் பட்டதா என்று அங்கேயும் அதே மாதிரி வழக்கு. அவனோடு மல்லுக்கு நிற்பது யார் என்று கேட்டேன். கீழத்தெருக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னான். அன்று அரிவாள் எடுத்தவனுடைய சித்தப்பா மகன். "அவிய கூடவா உக்காந்துருக்க? பாத்துண்ணே" என்றேன். "அது கெடக்கு. பயலுவ இன்னும் கயித்தக் கட்டிக்கிட்டுத்தான் திரியுதானுவ, எனக்குந்தான் பயம். அதுக்காவ வாயப் பொத்திக்கிட்டே இருக்க முடியுமால?" என்றவன், "சரி, நீ யாரு பக்கம்?" என்றான்.

"நல்லாச் சண்ட போட்டவன் பக்கம்ணே."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது; கடையை விட்டு வெளியே வந்திருப்பான். "ஏலே கணேசா," என்றான், "நான் ஒங்கண்ணம்ல."

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் என் வீட்டைத் தவிர வேறு எங்கும் தமிழ் தெரிந்த ஆள் இல்லை. ஆனாலும் வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, போனை வாயோடு சேர்த்துப் பிடித்து, அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நான் உள்ளுக்குள் யார் பக்கமோ அந்தச் சண்டைக்காரன் பெயரைச் சொன்னேன்.