நான்கு நாள் குறைவு

பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற என்னென்ன வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாடத்துக்கு முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தால் போதும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. எழுத்துத் தேர்வில் தனியாகப் பதினைந்து வர வேண்டும். செய்முறைத் தேர்வுக்குப் போயே ஆக வேண்டும். ரெக்கார்டு நோட்டு முடிந்திருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும், நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வகுப்பில் இருந்திருந்தால்தான் பெயரைத் தேர்வுக்கு அனுப்புவார்கள். நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் அம்மா வாழைத்தோட்டத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி. வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்தச் சீட்டை எந்த அறையில் காட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் நான் கூடவே இருக்க வேண்டியிருந்தது. கட்டு பிரித்த பிறகும் எக்ஸ்ரே, மறுபடி சீட்டு என்று மாதாமாதம் போனோம்.

போகும்போதெல்லாம் பள்ளிக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். எல்லாவற்றிலும் காய்ச்சல் என்றே எழுதினேன். ஆறாம் வகுப்பில் விண்ணப்பம் எழுதச் சொல்லித் தந்தபோது கரும்பலகையில் இருந்த காரணம் காய்ச்சல். விடுப்பு என்றால் காய்ச்சல் என்றுதான் எழுத வேண்டும்போல என்று அன்று எடுத்துக்கொண்டது, பன்னிரண்டாம் வகுப்பு வரை மாறவில்லை. கேட்டுச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை. அடியில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன்.

அதுவும் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கியதுதான். அப்பா வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். கைநாட்டு. முதல் ரேங்க் கார்டை அவரிடம் காட்டியபோது, "நீயே போட்டுரு பிள்ள," என்றார். போட்டேன். முதல் எழுத்தைப் பெரிதாக வளைத்து, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தேன். வகுப்பில் வேறு எந்த அப்பாவின் கையெழுத்தும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அன்று தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நான்கு நாள் குறைகிறது, இப்படியே இருந்தால் பெயரை அனுப்ப முடியாது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பெயர் போகாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் வீட்டில் இருந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெருவில் என்னோடு படித்துப் பாதியில் நின்றவர்களில் இரண்டு பேர் கையில் அப்போது குழந்தை இருந்தது.

மறுநாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாழைக்கறை போக விரல்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்திருந்தார். கறை போகவில்லை, வாசம்தான் வந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார் தலைமை ஆசிரியை. "உங்க பிள்ளைக்கு என்ன சீக்கு? மாசம் தவறாம காய்ச்சல் வருதே."

"காய்ச்சலா?" என்று அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்கு ஒரு தும்மல்கூட வரலியே டீச்சர்."

தலைமை ஆசிரியை விண்ணப்பங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். "அப்போ இதெல்லாம் நீங்க போட்ட கையெழுத்து இல்லையா?"

அப்பா ஒன்றை எடுத்துக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எம் பேரா? இம்புட்டு நீளமாவா இருக்கும்?"

"கீழ ரெண்டு புள்ளி வேற வச்சிருக்கியள்லா," என்றார் பக்கத்து மேசையில் இருந்த கிளார்க்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

கிளார்க் சிரித்தார். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. "ஏட்டி, இது தப்புன்னு தெரியுமா தெரியாதா?"

நான் பதில் சொல்லுமுன் அப்பா சொன்னார்: "நாந்தான் போடச் சொன்னேன். அவ மேல குத்தம் இல்ல. எனக்குப் பெருவிரல்தான் டீச்சர்."

"விரல வைக்க வேண்டியதுதான அண்ணாச்சி? அதுல என்ன கொறச்சல்?"

"வச்சிருப்பேன். மை டப்பா வாங்கிட்டு வாறேன்னு சொன்னேன். இவதான் அது வேண்டாம், எல்லாரும் பாத்துச் சிரிப்பாவன்னு சொன்னா. அதுக்கப்புறம்தான் நீயே போட்டுருன்னேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அது உண்மைதான். அதை நான் மறந்திருக்கவில்லை. யாரிடம் சொன்னாலும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். மேலே எழுதும்போதும் விட்டுவிட்டேன்.

பிறகு அம்மாவின் கால் ஒடிந்ததைச் சொன்னேன். தலைமை ஆசிரியை முழுவதும் கேட்டார்.

"இத முதல்லயே எழுதியிருக்கலாம்லா? இப்பப் பாரு, உனக்குச் சீக்குன்னாத்தான் டாக்டர் சீட்டு வச்சு விலக்கு கேக்க முடியும். உங்க அம்மா கால் ஒடிஞ்சதுக்கு ரூல்ல இடம் இல்ல."

"ஒரு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்துட்டா முடிஞ்சிருமே மேடம்," என்றார் கிளார்க்.

"இன்னொரு காய்ச்சலா? இருக்கது போதும் சார்." அவர் நாட்காட்டியைப் புரட்டினார். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் நடக்கு. அதை வேலைநாளாத்தான் வச்சிருக்கோம். பெயர்ப்பட்டியல் போறதுக்குள்ள நாலு சனிக்கிழமை இருக்கு. நாலுக்கும் வரணும். ஒன்பதரைக்கு ரிஜிஸ்டர மூடிருவேன். ஒண்ணு தவறுனாலும் என்கிட்ட வரக்கூடாது."

அதை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் எழுதச் சொன்னார். அப்பா விரலை வைத்தார். பக்கத்தில் யாருடைய ரேகை என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். நான் பேனாவை எடுத்தேன்.

"மக சாட்சி போடக்கூடாது," என்றார் கிளார்க்.

"ஏழு வருசமா அவதான போட்டா?" என்றார் அப்பா.

சாட்சியாகக் கிளார்க்கே போட்டார்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் தடங்கல் இல்லாமல் போயின. மூன்றாவது தைப்பூசத்தை ஒட்டி வந்தது. ஆழ்வார்திருநகரியில் நான் ஏறிய பஸ் திருச்செந்தூர் சாலையில் நகரவே இல்லை. சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். பள்ளிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. மணி ஒன்பது ஆகப் போகும்போது இறங்கி நடந்தேன். எல்லோரும் கடலைப் பார்த்து வர, நான் ஒருத்தி மட்டும் எதிரே போனேன்.

"ஏ பிள்ள, முருகன் இந்தப் பக்கம்லா இருக்காரு," என்று காவடி வைத்திருந்த ஒருவர் சொன்னார். மோர்ப்பந்தலில் ஒரு டம்ளரை நீட்டினார்கள். வாங்கவில்லை. பை தோளில் அடிக்க அடிக்க ஓடினேன். உள்ளே போனபோது ரிஜிஸ்டர் மேசையில் திறந்தபடி இருந்தது. மணி ஒன்பது இருபத்தெட்டு. தலைமை ஆசிரியை புழுதி படிந்த என் செருப்பைப் பார்த்தார், வருகையைக் குறித்துக்கொண்டார்.

நான்காவது சனிக்கிழமை முடிந்த திங்களன்று கிளார்க் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கக் கூப்பிட்டார். பெயர், பிறந்த தேதி, தமிழ்வழி, பாடத்தொகுதி எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் மாணவி கையெழுத்து போட வேண்டும் என்றார். பேனாவை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். ஏழு வருடம் ஒரு கையெழுத்தைத்தான் பழகியிருந்தேன், அது என்னுடையது இல்லை.

"என்னட்டி, பேரு மறந்துட்டா?"

"இல்ல சார்."

கோடும் புள்ளியும் இல்லாமல் என் பெயரை முழுதாக எழுதினேன். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. அவர் பரவாயில்லை என்று அடுத்தவளைக் கூப்பிட்டார்.