ஜூவில் மீன் கூவிய சித்தி

என் இடது மணிக்கட்டில் அன்று கட்டிய காகிதப் பட்டை மஞ்சள் நிறம். அதில் நீல மையில் என் பெயரும் கீழே ஒரு போன் நம்பரும் இருந்தன. அந்த நம்பர் எங்களுடையது அல்ல. எங்கள் வீட்டில் போனே கிடையாது. காணும் பொங்கலன்று வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குக் குவிகிற கூட்டத்தில் குழந்தைகள் தொலைந்துவிடக் கூடாதென்று வாசலிலேயே கையில் பட்டை கட்டிவிடுவார்கள். இப்போதும் கட்டுகிறார்கள். "நம்பர் சொல்லும்மா" என்று போலீஸ்கார அக்கா கேட்டதும் என் சித்தி ஒரு நொடிகூட யோசிக்காமல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். மந்தைவெளியில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற பாங்க்கார அம்மாவின் வீட்டு நம்பர். கரையில் நல்ல மீன் இறங்கினால் பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்வதற்காக மனப்பாடம் செய்திருந்தாள். காணும் பொங்கலுக்கு ஊரே வெளியில் கிளம்பும்போது பாங்க்கார அம்மா மட்டும் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் கூவி விற்பாள். "மீனேய்! சங்கரா, நெத்திலி, வவ்வா மீனேய்!" மூன்றாம் மாடியில் மிக்ஸி ஓடினாலும் அந்தக் குரல் உள்ளே போய்விடும். என் பள்ளிக்கூடம் அவள் போகிற வழியில் இருந்தது. நானோ ஐந்தாம் வகுப்பில், என் சித்தி பாங்க்கில் வேலை பார்க்கிறாள் என்று எல்லாரிடமும் அளந்து வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் அந்தக் குரல் வந்ததும் பென்சில் விழுந்ததுபோல பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்வேன். குரல் தெருக்கோடியைத் தாண்டிய பிறகுதான் பென்சில் கிடைக்கும். வெட்கங்கெட்ட கழுதை நான், வேறென்ன சொல்ல.

அன்று காலை கிளம்பும்போதே சத்தியம் வாங்கினேன். "யாராச்சும் கேட்டா மீன் விக்கிறேன்னு சொல்லக் கூடாது." "சரி தாயி, நான் வாயே தொறக்கல. போதுமா?" என்றாள் சித்தி. பிறகு, பொங்கலுக்கு எடுத்த கிளிப்பச்சைப் பாவாடையை எனக்குக் கட்டிவிட்டு, "இந்தக் கலரு எவ்ளோ கூட்டத்துலயும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டாள். சைதாப்பேட்டைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். இரண்டிலும் நிற்கத்தான் இடம்.

உள்ளே எல்லாரும் புலியைப் பார்க்க முண்டியடித்தார்கள். புலி எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "நைட் ட்யூட்டி பாத்துட்டு வந்தவன் கணக்கா தூங்கிக்கினு கீறான் பாரு. வுடு, பாவம்" என்று சித்தி என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் காலூன்றி நின்றது ஒரே இடத்தில்தான், கூழைக்கடாப் பறவைகள் இருந்த குளத்தருகே. ஊழியர் ஒருவர் மீனை வீச, அவை தொங்கு பையைத் திறந்து வாங்கிக்கொண்டன. சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தே! கூடைய வாய்லயே வெச்சிக்கினு கீது பாரேன். தலைவலியும் இல்ல, கழுத்து வலியும் இல்ல!"

அப்போதுதான் எதிரே என் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பா அம்மாவோடு வருவதைப் பார்த்தேன். சித்தி முதல் நாள் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருந்தாள். ஆனாலும் அவள் புடவையில் மீன் வாடை இருப்பதாக எனக்குத் திடீரென்று தோன்றியது. சித்தியின் கண் குளத்தில் இருந்தது. நான் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினேன். ஆக, நான் தொலையவில்லை. நானே தொலைந்துகொண்டேன்.

நீர்யானைக் குளம் வரை வந்த பிறகுதான் திரும்பிப் போக வழி தெரியவில்லை என்பது உறைத்தது. அழுதேன். தொண்டர் ஒருவர் பட்டையைப் பார்த்து நம்பரை அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "இங்கயே உக்காரும்மா, மைக்ல சொல்லிட்டு வரேன்" என்று என்னை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போக, என் வகுப்புப் பெண்ணின் குடும்பம் இந்தப் பக்கம் வந்து குளத்தருகே நின்றது. நான் மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

அப்போது கேட்டது. "மீனேய்! சங்கரா, நெத்திலி, வவ்வா மீனேய்!"

கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "யாருப்பா அது, ஜூல வந்து மீன் விக்கிறது?" என்றார் ஒருவர். என் பெயரை எத்தனை பேர் வைத்திருப்பார்கள், ஆயிரம் குரலுக்கு நடுவில் அது எங்கே கேட்கும்? தன் குரலில் எனக்கு நன்றாகத் தெரிந்தது எதுவோ அதைச் சித்தி எடுத்துவிட்டாள். வாயைத் திறப்பதில்லை என்ற சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. கூவிக்கொண்டே என் மரத்தைத் தாண்டிப் போனாள். நான் அசையவில்லை. மறுபடியும் அதே வழியில் வந்தாள். அப்போதும் அசையவில்லை. வகுப்புப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அந்தக் குரல் நடுவில் உடைந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அங்கேயே முத்தம் கொடுத்தாள். "எங்கடி போன?" என்று அவள் கேட்க, "தொலைஞ்சிட்டேன்" என்றேன். முதல் இரண்டு கூவலும் என் காதில் விழுந்ததை நான் சொல்லவே இல்லை.

பள்ளியில் ஒரு மாதம் "மீனேய்" என்று என்னைக் கூவினார்கள். அது போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. ஒப்புக்கொள்ளாத அந்தப் பொய்தான் இத்தனை வருடமும் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்து, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக்கியது. போன வருடம் சித்தியின் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது அவள் பேசினால் காற்று மட்டும்தான் வருகிறது. காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். இந்தப் பொங்கலுக்கு அவள் தாடைக்கு அடியில் கையைப் பைபோல விரித்துக் காட்டினாள். கூழைக்கடா! எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் இந்த உடம்போடா என்று வீட்டில் எல்லாரும் தடுத்தார்கள். போகிறோம், முடிந்தது பேச்சு என்றேன். எங்கே மறைத்தேனோ அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன்.

வாசலில் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கி, என் நம்பரை எழுதி, சித்தியிடம் நீட்டினேன். "நான் இன்னா கொயந்தயா?" என்று என் காதில் ஊதிவிட்டு, கையைத் தட்டிவிட்டாள். பைக்குள் வைத்துக்கொண்டேன். நீர்யானைக் குளத்தருகே நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். அவளிடம் செல்போன் இருந்தது. அடித்தேன், எடுத்தாள். மூச்சுக்காற்றும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. "எங்க சித்தி கீற?" என்று கத்தினேன். மூச்சுதான் பதில். அந்த நேரம் பார்த்து, "ஹாப்பி பொங்கல் மிஸ்!" என்று என் வகுப்புப் பெண்கள் இருவர் பெற்றோரோடு வந்து நின்றார்கள்.

சத்தம் போடாதீர்கள் என்று அங்கே பலகை இருக்கிறது. மிருகங்கள் என்னை மன்னிக்கட்டும். கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்: "மீனேய்! சங்கரா, நெத்திலி மீனேய்!" கூட்டம் சிரித்தது. "மிஸ், நீங்க மீன் விப்பீங்களா?" என்று ஒருத்தி கண்ணை விரித்தாள். "எங்க வூட்டுத் தொழில்டி" என்று சொல்லிவிட்டு, கூவிக்கொண்டே நடந்தேன். கூழைக்கடாக் குளம் வந்து மூன்றாவது தடவை கூவும்போது பின்னாலிருந்து யாரோ புடவையை இழுத்தார்கள். சித்தி! என் காதை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "வவ்வால வுட்டுட்டியேடி."

சிரித்தேன், அழுதேன், எல்லாம் சேர்ந்து வந்தது. அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "சித்தி, அன்னிக்கு நான் தொலையல. நீ மொத தபா கூவுனதே எனக்குக் கேட்டுச்சி. மரத்துக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தேன்."

அவள் மறுபடியும் என் காதுக்கு வந்தாள்.

"தெரியும். மொத தபாவே பச்சப் பாவாட தெரிஞ்சிச்சி. புடிச்சி இஸ்துக்கினு போறதா பெருசு? நீயா வரணும்னுதான் கூவிக்கினே இருந்தேன்."

சொல்லிவிட்டு, பட்டையைக் கட்டச் சொல்லி இடது கையை நீட்டினாள்.